பம்பின் மேல் நான் போட்ட பழி

1

இந்த மாதத்தோடு நாங்கள் ஜெர்மனிக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. அதைக் கொண்டாட வில்சன் வீட்டில் மீன்குழம்பு வைத்தார். நான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் சீட்டு எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் விண்ணப்பத்தில் ஒரு சிக்கல். பத்து வருடமாக அதே சிக்கல்தான், ஆளுக்கு ஆள் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எனக்கு என் அப்பா பெயர் இருக்கிறது: தங்கையன். என் கணவர் வில்சனுக்கு அவருடைய அப்பா பெயர்: ஞானாபரணம். மகள் அபிஷாவுக்கு அவளுடைய அப்பா பெயர்: வில்சன். அலுவலகப் பெண் மூன்று தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்து, சீட்டாட்டத்தில் தோற்றவர் மாதிரி பார்த்தார்.

"உங்கள் மூவருக்கும் பொதுவான குடும்பப் பெயர் இல்லையா?"

"இல்லை."

"அப்படியானால் உங்கள் கணவரின் குடும்பம் எங்கே?"

"அருமனையில்" என்றேன். அது வில்சனின் ஊர்; உண்மையைத்தான் சொன்னேன்.

எங்கள் வீட்டு அழைப்பு மணிக்குப் பக்கத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. ஒரே வீட்டில் மூன்று வாடகைக்காரர்கள் என்று நினைத்த புது தபால்காரர், நாங்கள் மூவரும் சேர்ந்து சாப்பிடுவதைப் பார்த்து, "நல்ல ஒற்றுமை" என்று வில்சனிடம் பாராட்டிவிட்டுப் போனார்.

வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் என்னை ஷீபா என்று யாரும் கூப்பிடுவதில்லை. திருமதி தங்கையன். என் அப்பா கன்னியாகுமரி மாவட்டத்தில் புதுக்கடை சந்திப்பில் தையல்கடை வைத்திருக்கிறவர். அவர் பெயர் இங்கே ஒரு நாளைக்கு இருபது தடவை, பெரிய பெரிய முனைவர்களின் வாயில் வருகிறது. முதல் தடவை இதைப் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"திருமதியா? எனக்க பேருக்கு முன்னாலயா?"

"ஆமாப்பா."

"ஒனக்க அம்மைட்ட சொல்லாண்டாம் மோளே. அவ சந்தை முழுக்க சொல்லிருவா."

2

ஊருக்குப் போனால் எல்லோரும் கேட்கிற கேள்வி, "அங்க என்ன வேலையாக்கும் செய்யுதே?" என்பது. கம்ப்யூட்டர் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். நான்தான் ஆரம்பத்தில் நேர்மையாக விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். உங்களுக்கும் ஒரு தடவை விளக்கிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போகும் கதைக்கு அது வேண்டும்.

நான் வேலை செய்யும் இடத்தில் மின்துகள்களை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓட வைக்கும் நீளமான இயந்திரம் ஒன்று உண்டு. முடுக்கி என்பார்கள். அந்தத் துகள்களை முன்னால் தள்ளுவது நியோபியம் என்ற உலோகத்தில் செய்த ஒரு குழாய். ஒன்பது குமிழிகளை ஒன்றோடொன்று ஒட்டியது போலிருக்கும். அதற்குப் பெயர் கேவிட்டி. அதைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் இருநூற்று எழுபத்தொரு டிகிரிக்குக் குளிர வைப்போம். அந்தக் குளிரில் உலோகம் மீக்கடத்தி ஆகிவிடும்; மின்சாரம் ஏறக்குறைய இழப்பே இல்லாமல் ஓடும். உள்ளே ரேடியோ அலையை ஏற்றினால், நல்ல கோயில்மணி மாதிரி நின்று ஒலிக்கும்.

சிக்கலே அங்கேதான். அவ்வளவு சுத்தமாக ஒலிக்கிற மணிக்கு ஒரே சுருதிதான் பிடிக்கும். குழாயின் நீளம் தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால்கூட சுருதி விலகிவிடும். ஹீலியம் கொதித்தால் ஆடும். வெளியே லாரி போனால் ஆடும். பம்ப் ஓடினால் ஆடும். சத்தம் போட்டுக் கதவைச் சாத்தினால் கோபித்துக்கொள்ளும். ஆடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. குழாயின் நுனியில் பீசோ என்று ஒரு சின்னக் கட்டை இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் இம்மியளவு நீளும், குறைத்தால் சுருங்கும். குழாய் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று அளந்து, அதற்கு எதிர்ப்பக்கம் பீசோவைத் தள்ள வைக்கும் நிரலை நான் எழுதுகிறேன். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து, ஆயிரக்கணக்கான தடவை தள்ளும்.

இவ்வளவையும் நான் அரை மணி நேரம் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே கேட்டார். அப்புறம் கடைக்கு வந்த ஒருவரிடம் சொன்னார்: "எனக்க மோளுக்கு ஜெர்மனில ஒரு குழாய் ஆடாம பிடிச்சோண்டு நிக்க வேலையாக்கும்."

அதைவிடச் சரியாக நான் இதுவரை சொன்னதில்லை.

வந்த முதல் வருடம், பிரிவுக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசினால் போதும் என்று சொல்லியும் கேட்காமல் ஜெர்மனில் பேசினேன். அதிர்வுக்கு அவர்கள் மொழியில் ஷ்விங்குங். கர்ப்பமாக இருப்பதற்கு ஷ்வாங்கர். கேவிட்டி அதிர்கிறது என்று சொல்ல நினைத்து, கேவிட்டி கர்ப்பமாக இருக்கிறது என்று பதினேழு பேர் முன்னால் அறிவித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஜெர்மன்காரர்களின் நாகரிகம் அது. மூலையில் உட்கார்ந்திருந்த பம்ப் பொறுப்பாளர் டெட்லெஃப் மட்டும் மெதுவாகக் கையைத் தூக்கி, "எத்தனையாவது மாதம்?" என்று கேட்டார்.

அதிலிருந்து எனக்கு டெட்லெஃபைப் பிடித்துப்போயிற்று.

3

டெட்லெஃபுக்கு அப்போதே அறுபது நெருங்கியிருந்தது. ஹீலியத்தை உறிஞ்சும் பெரிய பம்புகள் அவர் பொறுப்பு. அவருக்கு ஆங்கிலம் வராது, கணினியும் பிடிக்காது. ஒரு நீளமான திருப்புளியின் முனையைப் பம்பின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "நலமாக இருக்கிறது" என்பார், அல்லது "தொண்டை கட்டியிருக்கிறது" என்பார். இரண்டுமே சரியாக இருக்கும்.

2013-ஆம் வருடத் தொடக்கத்தில் ஒரு புதுக் கேவிட்டியைச் சோதனைக் கூடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தோம். வேறு இரண்டு நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முன்பு சமர்த்துப் பிள்ளையாக இருந்த கேவிட்டி, விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் ஆட ஆரம்பித்திருந்தது. நொடிக்கு நாற்பத்தொரு தடவை, விடாமல், ஒரே சீராக. திரையில் அந்த இடத்தில் ஒரு கூர்மையான முள் நின்றது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆட்டம் எல்லை மீறி, பாதுகாப்பு அமைப்பு கேவிட்டியை அணைத்துவிடும்.

என்னுடைய வேலையே ஆட்டத்தைப் பிடிப்பது. ஒரு வாரம் தேடினேன். டெட்லெஃபின் பெரிய பம்ப் சுற்றும் வேகம் நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான், எனக்கு வெளிச்சம் வந்துவிட்டது.

டெட்லெஃப் திருப்புளியை வைத்துக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். "என் பம்ப் இல்லை" என்றார்.

"பம்பை நிறுத்திப் பார்க்கலாம்" என்றேன்.

நிறுத்தினார்கள். குழாயின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த அதிர்வுமானியைப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் இருந்த முள் காணாமல் போயிருந்தது. வரைபடத்தை அச்சடித்துக் கூட்டத்தில் வைத்தேன். நிறுத்துவதற்கு முன், நிறுத்திய பின். குழந்தைக்குக்கூடப் புரியும் படம். பிரிவுத் தலைவர் தலையாட்டினார். டெட்லெஃபிடம் காது மட்டும்தான் இருந்தது. கூட்டத்தில் காதை அச்சடித்துக் காட்ட முடியாது.

பம்பைப் பிரித்தார்கள். பேரிங்குகளை மாற்றினார்கள். அடியில் ரப்பர் தாங்கிகள் வைத்தார்கள். மூன்று வாரம். காத்திருந்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். பிரிவுத் தலைவர் தன் அறிக்கையில் "பம்பின் பராமரிப்பில் குறை இருந்ததாகத் தெரிகிறது" என்று ஒரு வரி எழுதினார். டெட்லெஃபின் பணிக்காலத்தில் ஒரு வருடமும் சில மாதங்களும்தான் பாக்கியிருந்தன. முப்பது வருடத்தில் அவரைப் பற்றி எழுதப்பட்ட முதல் குறை அந்த வரி என்று பிறகுதான் தெரிந்தது.

4

அந்த மாதங்களில் வீட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும்.

வில்சன் ஒரு பேக்கரியில் காலை நேரம் வேலை பார்க்கிறார். என்னைவிட அவருடைய ஜெர்மன் பத்து மடங்கு தவறு. ஆனால் ஊரே அவரிடம் நின்று பேசுகிறது. அருமனைப் பேச்சின் இழுப்போடு அவர் ஜெர்மன் பேசும்போது, கிழவிகள் ரொட்டி வாங்கியதை மறந்து கேட்டுக்கொண்டு நிற்பார்கள். ஓட்டுநர் தேர்வில் மட்டும் மூன்று தடவை தோற்றார். முதல் தடவை, முன்னால் போனவருக்கு மரியாதையாக ஒரு ஹாரன் அடித்ததற்கு. இரண்டாம் தடவையும் அதற்கே. மூன்றாம் தடவை ஹாரன் அடிக்காமல் இருக்க வேண்டும் என்ற வெப்ராளத்தில் சிவப்பு விளக்கைக் கவனிக்கவில்லை.

அபிஷாவுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து தமிழ் அவள் வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். "சோறு தின்னியா மக்கா?" என்று வில்சன் கேட்டால், ஜெர்மனில், "ஏற்கெனவே" என்று ஒரு சொல். என் அப்பாவிடம் போனில் பேசச் சொன்னால் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டுவாள். புதுக்கடையில் இருப்பவருக்குத் தலையாட்டல் கேட்குமா? "பிள்ளை சொகமா இருக்குதா? ஒண்ணும் பறயல்லியே" என்பார் அப்பா. "தலையாட்டிட்டு நிக்கா அப்பா" என்பேன்.

இதைப் பற்றி நான் கண்ணீரோடு எழுத உட்கார்ந்தால் வில்சன் விடமாட்டார். "ஊரில இருக்கும்போ இந்த ஊர விட்டு ஓடணும்னு கெடந்து கரஞ்சவளாக்கும் நீ" என்பார். உண்மைதான். எங்கள் வீடு சந்திப்பை ஒட்டியிருந்தது. மார்த்தாண்டம் பஸ், மீன்காரர்களின் மணி, மூன்று திசையிலிருந்தும் ஒலிபெருக்கி. கணக்குப் பரீட்சைக்குக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தேன். அமைதியான ஓர் ஊருக்குப் போக வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே லட்சியம். கிடைத்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் எழுதுகிறார்.

என் வேலை ஒப்பந்தம் அந்த வருடம் ஜூனில் முடிவதாக இருந்தது. ஒப்பந்தம் முடிந்தால் குடியிருப்பு அனுமதியும் முடியும். மூன்று பெயர்களும் அந்த ஒரு தாளில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. என்னை நிரந்தரமாக்கலாமா என்பதைப் பிரிவுத் தலைவர் வசந்தத்துக்குள் சொல்வதாக இருந்தார்.

5

பம்பைத் திரும்பப் பூட்டி, ஹீலியத்தை இறக்கி, கேவிட்டியை ஓட்டினோம். முள் அதே இடத்தில் நின்றது. நாற்பத்தொன்று.

"இன்னொரு பக்கத்துப் பேரிங்காக இருக்கும்" என்று நான் சொன்னேன். அப்படிச் சொன்னதை இங்கே மறைக்கப் போவதில்லை. டெட்லெஃப் என்னைப் பார்த்தார்.

ஒரு வியாழக்கிழமை மதியம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பீசோவுக்குப் போகும் கேபிளின் இணைப்பு தளர்வாக இருக்கிறதோ என்று பார்க்க, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடுங்கினேன். தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் இருந்த முள் கரைந்துகொண்டிருந்தது. சில நொடிகளில் சுத்தமாக இல்லை. பம்ப் அந்தப் பக்கம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கேபிளைச் செருகினேன். முள் மெதுவாக முளைத்தது. பிடுங்கினேன். போயிற்று. செருகினேன். வந்தது. மூன்றாவது தடவையும் பிடுங்கிப் பார்த்தேன்.

ஆட்டத்தைக் கொடுத்தது நான். என் நிரல். விடுமுறைக்கு முந்தின நாள் அவசர அவசரமாக இரண்டு எண்களை மாற்றியிருந்தேன். பதிவேட்டில் ஒன்றைத்தான் எழுதியிருந்தேன். எழுதாமல் விட்ட அந்த எண்ணால், பீசோவின் தள்ளல் ஒரு துளி பிந்திப் போயிற்று. குழாய் வரும்போது தடுக்க வேண்டியது, அது திரும்பிப் போகும்போது முதுகில் தள்ளிக்கொண்டிருந்தது. ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையை நிறுத்தப் போனவர், ஒவ்வொரு தடவையும் பிந்திப் போய் இன்னும் உயரமாக ஆட்டிவிடுவது மாதிரி. பம்பை நிறுத்தியபோது ஆட்டம் நின்றதற்கும் அதுதான் காரணம். பம்ப் நின்றால் குளிர் நிலைக்காது, குளிர் நிலைக்காவிட்டால் கேவிட்டியை ஓட்ட முடியாது, கேவிட்டி ஓடாதபோது என் நிரலையும் நான் அணைத்துவிடுவேன். நிறுத்தியது பம்பை மட்டும் அல்ல, என்னையும் சேர்த்து. அச்சடித்த படத்தில் அது தெரியவில்லை.

கதவு திறந்தது. டெட்லெஃப் ரொட்டிப் பெட்டியோடு உள்ளே வந்தார்.

"ஏதாவது தெரிந்ததா?"

கேபிள் என் கையில் இருந்தது.

"இல்லை" என்றேன். "இன்னும் இல்லை."

அவர் தலையாட்டிவிட்டுத் தன் பம்பின் பக்கம் போனார். திருப்புளியைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார்.

6

அன்று மாலையே எண்ணைத் திருத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை கேவிட்டி அசையாமல் நின்றது. பிரிவுத் தலைவர் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டார்: புது பேரிங்குகள் ஓடிப் பதிந்துவிட்டன, பழுதுபார்த்தது பலன் கொடுத்தது, அனைவருக்கும் நன்றி. எனக்குத் தனியாக இன்னொன்று: புதன்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு உங்கள் நிரந்தரப் பணி பற்றிப் பேசலாம். "நன்றி" என்று பதில் போட்டேன். அந்தச் சொல்லை எழுதக் கால்மணி நேரம் ஆயிற்று.

டெட்லெஃப் மட்டும் சும்மா இருக்கவில்லை. "வியாழக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் என் பம்பில் ஒன்றும் மாறவில்லை" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிழை அவர்மேல் இல்லை என்று ஆகும்வரை விடமாட்டார் போலிருந்தது. வயதாகிவிட்டது என்று பின்னால் பேசினார்கள்.

சனிக்கிழமை வில்சன் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப யாருக்கும் தெரியாது, இல்லியா?"

"தெரியாது."

"சொன்னா வேலை போவுமா?"

"போனாலும் போவும். போவாமலும் இருக்கும்."

கத்தியை மறுபடி எடுத்து மீனின் வாலை நறுக்கினார். "வேலை போனா அருமனைக்குப் போவோம். ரப்பர் வெட்ட ஆளு கிட்டல்லேன்னு அண்ணன் கெடந்து விளிக்குதான்" என்றார். அப்புறம் சிரித்தார். "ஏட்டி, ஒண்ணு யோசிச்சியா? அங்க ஷீபா பொய் சொன்னான்னு ஒருத்தனும் சொல்லமாட்டான். தங்கையன் பொய் சொல்லியாச்சுன்னுதான் எழுதி வைப்பான். அந்த மனுசன் புதுக்கடையில ஒரு சட்டையில ஒரு தையல் கொறச்சதில்ல."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

புதன்கிழமைக் கூட்டத்தில் ஜெர்மனில் பேசினேன். டெட்லெஃபுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. இரண்டு நாள் இலக்கணம் பார்த்து, வில்சனின் பேக்கரி முதலாளியம்மாவிடம் காட்டித் திருத்தி, மனப்பாடம் செய்த வாக்கியம்: "நாற்பத்தொன்றின் அதிர்வை உண்டாக்கியது பம்ப் அல்ல, நான்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜெர்மன் வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

"நீங்கள் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வருகிறீர்கள்" என்றார் பிரிவுத் தலைவர், அன்பாக.

"இல்லை. உண்டாக்கினேன்."

"ஆங்கிலத்தில் சொல்லுங்கள், பரவாயில்லை."

ஆங்கிலத்தில் சொன்னேன். அப்போதும், பணிவு கருதிச் சொல்கிறாள், இந்தியர்கள் இப்படித்தான் என்பது போல் சிலர் புன்னகைத்தார்கள். கடைசியில் எழுந்து போய்ப் பலகையில் படம் போட்டேன். பழைய எண், புது எண், பதிவேட்டில் எழுதாத எண். புன்னகை ஒவ்வொன்றாக அணைந்தது. முதல் வாக்கியத்திலேயே புரிந்துகொண்டவர் டெட்லெஃப் ஒருவர்தான். அவர் பேனாவை மூடி சட்டைப்பையில் செருகிவிட்டு, கூட்டம் முடிவதற்குள் எழுந்து போனார்.

நிரந்தரப் பணி தள்ளிப் போயிற்று. ஒரு வருட நீட்டிப்பு மட்டும் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த வருடம் நிரந்தரம் ஆனேன். அது வேறு கதை. டெட்லெஃப் மேல் எழுதிய வரியை நீக்கி, பிரிவுத் தலைவர் புது அறிக்கை அனுப்பினார். எந்த இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன்பும் திருத்தும் நிரலை அணைத்துப் பார்க்க வேண்டும் என்று சோதனைக்கூடத்து விதிகளில் ஒரு வரி சேர்ந்தது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் அதை வாசித்துக் காட்டுகிறேன். ஏன் அப்படி ஒரு விதி என்று கேட்டால் சொல்லியும் விடுகிறேன்.

7

மதிய நேரத்தில் தாழ்வாரத்தில் ஒருவரையொருவர் கடக்கும்போது "மால்ட்சைட்" என்று சொல்வது இங்கே வழக்கம். சாப்பாட்டு நேர வணக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெட்லெஃப் அதைச் சுவரைப் பார்த்துக்கூடச் சொல்வார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எனக்குச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"மீட்டிங்கில பறஞ்சா தீந்துபோச்சா?" என்று வில்சன் கேட்டார். "அது ஒனக்க ஆபீசுக்குச் சொன்னது. அந்த மனுசனுக்க மொகத்தப் பாத்து வல்லதும் சொன்னியா?"

சொல்லவில்லை. கூட்டத்தில் நிரலின் தவறைச் சொன்னேன். வியாழக்கிழமை மதியம் சொன்ன பொய்யை யாரிடமும் சொல்லவில்லை. வில்சனிடம்கூட. அதை அப்போதுதான் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மூன்று பேரும் டெட்லெஃப் வீட்டுக்குப் போனோம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று, அம்மா கொடுத்தனுப்பியிருந்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தில் கடைசி பன்னிரண்டை வில்சன் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார். முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த நாட்டில் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது கிட்டத்தட்ட போலீஸ் விஷயம்.

கதவைத் திறந்த டெட்லெஃப், வீட்டுச் செருப்போடு, மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்க, எங்களை ஒருவர் ஒருவராகப் பார்த்தார். அவர் மனைவி ஹைடி பின்னாலிருந்து, "சந்திப்பு ஏதாவது இருந்ததா?" என்று அவரிடம் மெல்லக் கேட்டார்.

அபிஷா சுத்தமான ஜெர்மனில் விளக்கினாள்: "எங்கள் ஊரில் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். சொன்னால் சமைத்துவிடுவார்கள்."

ஹைடி சிரித்துவிட்டார். உள்ளே உட்கார்ந்தோம். டெட்லெஃப் ஒரு முந்திரிக்கொத்தைக் கடித்தார். கடினமாக இருந்திருக்கும்; இரண்டாம் தடவை கடித்தார்.

நான் ஜெர்மனில் தொடங்கினேன். அந்த வியாழக்கிழமை, மதியம், நீங்கள் கேட்டபோது என்று மூன்று துண்டு வந்தது. அதற்கு மேல் வினைச்சொல் வரவில்லை. மனப்பாடம் செய்யாத ஜெர்மன் எனக்கு அழுகை நேரத்தில் வராது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அபிஷாவின் பக்கம் திரும்பினேன்.

"மக்கா, நீ சொல்லு இவருட்ட. அன்னைக்கு உச்சைக்கு இவரு வந்து கேட்டப்போ, பம்புல ஒண்ணும் இல்லன்னு அம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன். மாப்பு கேக்கத்தான் வந்தேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லக்கூடாது என்று நான் அவளைக் கண்டித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வில்சன் அவள் முதுகில் கைவைத்தார். அவள் டெட்லெஃபின் பக்கம் திரும்பி, நான் சொன்னதை அப்படியே, எதையும் மழுப்பாமல் ஜெர்மனில் சொன்னாள். பொய் என்ற சொல்லைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

டெட்லெஃப் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் வைத்தார். அவளிடம்தான் பதில் சொன்னார், நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவளுக்காக நிறுத்தி. என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அபிஷா என் பக்கம் திரும்பினாள். மாதக்கணக்கில் எங்களுக்குத் தலையாட்டலும் ஒற்றைச் சொல்லும் தவிர வேறு கொடுக்காதவள், நெற்றியைச் சுருக்கிச் சொற்களைத் தேடினாள்.

"அம்மா, இவரு சொல்லுதாரு, நீ கையில வயரு பிடிச்சோண்டு நின்னத அன்னைக்கே கண்டாராம். அப்பவே இவருக்கு மனசிலாயிட்டாம். ஒனக்க வாயில இருந்து வரட்டும்னு காத்தோண்டு இருந்தாராம்."

ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஜெர்மனிலேயே புரிந்திருந்தது. ஆனாலும் நடுவில் பேசாமல், அவள் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். புதுக்கடை சந்தையில் பேசுகிற அதே இழுப்பு. எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை.

டெட்லெஃப் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னார்.

"மீட்டிங்கில நீ சொல்லதுக்கே ஆறு நாளு ஆச்சாம்" என்றாள் அபிஷா. "ரொம்ப தாமசமாம்."

"ஆமா, தாமசந்தான்னு சொல்லு மக்கா" என்றேன்.

சொன்னாள்.